எங்கள் நூலகத்து டிவியில் அசோகமித்திரன்

யாராவது “உங்க லைப்ரரில ஸ்லைடு போட எந்த சாஃப்ட்வேர் சார் வெச்சிருக்கீங்க?” என்று கேட்டுவிட்டால் போதும், நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். கேட்டவர் பாவம், ஒரு பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்றுதான் வந்திருப்பார். என்னிடம் அது நடக்காது. “லிப்ரே ஆபீஸ் இம்பிரஸ்” என்று பெயரைச் சொன்ன கையோடு, அதை வைத்து எங்கள் கிளை நூலகத்தில் என்னென்ன கூத்து நடக்கிறது என்று காட்டாமல் விடமாட்டேன். “அந்த சாஃப்ட்வேர்காரங்க உங்களுக்கு ஏதாவது கமிஷன் தர்றாங்களா?” என்று என் மனைவியே கேட்டிருக்கிறாள். கமிஷனுக்கு வழியே இல்லை. அது இலவசம்.

நூலகத்துக்கு எதற்கு ஸ்லைடு என்று கேட்கிறவர்கள் மனத்தில் ஒரு கருத்தரங்கம் ஓடிக்கொண்டிருக்கும். மேடை, மைக், பொன்னாடை, திரை நிறையப் புள்ளி வைத்த வரிகள், அதை அப்படியே ஒப்பிக்கும் பேச்சாளர். எங்களுக்கும் அது வரும், வாசகர் வட்டக் கூட்டத்தன்று. ஆனால் நூலகத்தில் ஸ்லைடுக்கு முக்கால்வாசி நேரம் பேச ஆளே கிடையாது. அது தானாக ஓட வேண்டும். வாசலில் நுழைகிறவருக்குப் புது வரவு என்ன என்று சொல்ல வேண்டும். சனிக்கிழமை கதை நேரம் உண்டா, திங்கள்கிழமை விடுமுறையா என்று சொல்ல வேண்டும். அதே ஸ்லைடு தாளில் இறங்கிச் சுவரொட்டியாக வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் விளையாட்டாக வேண்டும். நாளைக்கு எனக்கு மாறுதல் வந்து வேறொருவர் இந்த மேசையில் உட்கார்ந்தால், அவர் காசு கட்டாமல், கடவுச்சொல் கேட்டு எனக்கு போன் செய்யாமல், கோப்பைத் திறந்து திருத்த முடிய வேண்டும். மேடையில் பேசுகிறவருக்கு வேண்டியது வேறு, எங்களுக்கு வேண்டியது வேறு. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் தேர்வு அரை மணி நேர வேலை.

மற்றவற்றை நான் பார்க்காமல் இல்லை. பவர்பாயின்ட்டைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். 1987-இல் ஃபோர்தாட் என்ற சின்னக் கம்பெனி மெக்கின்டாஷ் கணினிக்காகக் கொண்டுவந்தது. அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு அந்தக் கம்பெனியையே வாங்கிப் போட்டது. இன்றைக்கும் யாரும் ஸ்லைடு என்று கேட்பதில்லை, ‘பிபிடி இருக்கா’ என்றுதான் கேட்கிறார்கள். உரிமம் வாங்கி வைத்திருக்கிற அலுவலகம் தாராளமாக அதையே வைத்துக்கொள்ளட்டும். நாலு பேர் நாலு ஊரிலிருந்து ஒரே கோப்பில் கைவைக்க வேண்டுமென்றால் கூகுள் ஸ்லைட்ஸ். அழைப்பிதழ் அழகாக வர வேண்டுமென்றால் கான்வா. அதற்கு நானே அதைத்தான் திறப்பேன். ஆப்பிள்காரர்களுக்கு கீநோட் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் மழை மேகம் கூடினாலே இணையம் படுத்துவிடும். கணினிகளோ பழசு. பட்ஜெட்டைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு பொருளைத் தேடிப் போனால் இம்பிரஸ் வாசலில்தான் வந்து நிற்க வேண்டும்.

வந்து நின்றேன், உள்ளே போனேன், இன்னும் வெளியே வரவில்லை.

முதலில் தமிழ். நூலகத்தில் ஸ்லைடு என்றால் நூல் பெயர், ஆசிரியர் பெயர், பதிப்பகம், எல்லாம் தமிழ். ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொம்பு இடப்பக்கம், கால் வலப்பக்கம், நடுவில் ககரம். மூன்றும் ஒழுங்காகக் கைகோத்து நிற்க வேண்டும். அந்தக் காலத்தில் சில மென்பொருள்களில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறிக் கிடக்கும். இன்று இம்பிரஸில் அந்தக் கவலையே இல்லை. எழுத்துகளைக் கோத்துத் தரும் ஹார்ஃப்பஸ் என்ற திறந்தமூல எந்திரம் உள்ளே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் நீங்கள் தமிழ் படிப்பதும் அதன் தயவில்தான்.

ஆனால் என்னைக் கவிழ்த்தது அது இல்லை. எழுத்துரு தேர்ந்தெடுக்கும் பெட்டியில் மேற்கத்திய எழுத்துகளுக்கு ஓர் இடம், தமிழ் போன்ற மொழிகளுக்குத் தனியாக இன்னோர் இடம் என்று வைத்திருக்கிறார்கள். எழுத்துரு மட்டுமில்லை, அளவும் தனித்தனி. அமைப்புப் பகுதியில் மொழிகள் என்று இருக்கும் இடத்துக்குப் போய் இதை ஒருமுறை இயக்கித் தமிழைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். தமிழும் ஆங்கிலமும் ஒரே வரியில் வரும்போது தமிழ் எழுத்து அகலமாகப் பரவி ஆங்கிலத்தைக் குள்ளமாக்கிக் காட்டும் இல்லையா? நான் தமிழுக்கு 40, ஆங்கிலத்துக்கு 44 என்று வைத்திருக்கிறேன். ‘சி.என். அண்ணாதுரை’ என்று தமிழிலும் பக்கத்தில் ஆங்கிலத் தலைப்பும் வரும் நூல்கள் இப்போது கண்ணுக்கு ஒரே உயரமாகத் தெரிகின்றன. வாசகர் யாரும் இதைக் கவனித்துப் பாராட்டியதில்லை. எனக்கு மட்டும் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் புல்லரிக்கும்.

எழுத்துரு விஷயத்தில் நான் கொஞ்சம் ஊதாரி. எல்லாம் இலவசமாகக் கிடைப்பதால் வந்த ஊதாரித்தனம். தலைப்புக்கு பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேடமரான். மெல்லிசிலிருந்து தடிப்பு வரை ஒன்பது எடைகள் அதில் உண்டு. நூலைப் பற்றிய இரண்டு வரிக்கு முக்த மலர். சிறுவர் பகுதிக்கு குண்டு குண்டாகச் சிரிக்கும் பாலூ தம்பி. பழைய இலக்கியம் என்றால் நோட்டோ செரிஃப். இத்தனையும் போட்டுவிட்டு, கோப்பின் பண்புகள் பகுதியில் ‘எழுத்துருவையும் ஆவணத்துக்குள் பொதி’ என்று ஒரு கட்டத்தைத் தட்டிவிட்டால் தீர்ந்தது. பென்டிரைவில் எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர் நூலகத்தில் இம்பிரஸில் திறந்தாலும் பாலூ தம்பி பாலூ தம்பியாகவே வருவார். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்புகளைத் திறந்து, திரை நிறைய ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் இறைந்து கிடப்பதைப் பார்த்துத் தலையில் கைவைத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். யூனிகோடில் தட்டச்சு செய்து, எழுத்துருவையும் உள்ளேயே பொதிந்து வைத்தால் அந்தத் தலைவலி அண்டாது.

ஒரு உபதேசம், கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ் வரிகளை இரண்டு பக்கமும் இழுத்துச் சமன் செய்யாதீர்கள். நம் சொற்கள் நீளம். நடுவில் ஆற்றுப்படுகை அகலத்துக்கு இடைவெளி விழும். இடப்பக்கம் சீராக வைத்து வலப்பக்கத்தை அதன் போக்கில் விட்டுவிடுங்கள். அதோடு, இடம் போதாவிட்டால் எழுத்தைத் தானாகச் சுருக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் நீளத் தலைப்புள்ள நூல் எல்லாம் பொடி எழுத்திலும், ‘தண்ணீர்’ மாதிரி ஒற்றைச் சொல் தலைப்பெல்லாம் பூதாகாரமாகவும் வரும்.

இதையெல்லாம் ஒவ்வொரு ஸ்லைடிலும் செய்வதா என்று பயப்பட வேண்டாம். மாஸ்டர் ஸ்லைடு என்று ஒன்று இருக்கிறதே, அங்கேதான் என் காதல் குடியிருக்கிறது! நான் ‘புது வரவு’ என்று ஒரு மாஸ்டர் செய்து வைத்திருக்கிறேன். இடப்பக்கம் அட்டைப் படத்துக்கு இடம். வலப்பக்கம் மேலே நூல் பெயர், அதன் கீழ் ஆசிரியர், அதன் கீழ் இரண்டே வரிகளில் நூலைப் பற்றி. மூன்றாவது வரி வந்தால் நடந்துபோகிறவர் படிக்க மாட்டார். கடைசியில் அடர்பச்சைப் பட்டையில் பகுப்பு எண்ணும், அது எந்த அடுக்கில் இருக்கிறது என்பதும். நூலகத்து ஸ்லைடில் உயிர்நாடி இந்தப் பட்டைதான். படத்தைக் காட்டி ஆசையை மூட்டிவிட்டு, எங்கே கிடைக்கும் என்று சொல்லாமல் விடுவது பாவம். சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் தந்த ஐந்து விதிகளில் நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. நான் அந்த விதியைப் பச்சைப் பட்டையாக வரைந்து வைத்திருக்கிறேன்.

அப்புறம் ஒருமுறை நூலகத்தில் வெள்ளை அடித்து, அடுக்குகளை இடம் மாற்றி, பகுதிகளுக்கெல்லாம் புது நிறம் கொடுத்தோம். பச்சை இருந்த இடத்தில் கருநீலம் வர வேண்டும். டிவியில் ஓடும் ஸ்லைடுகளோ ஏராளம். மாஸ்டரைத் திறந்து அந்த ஒரு பட்டையின் நிறத்தை மாற்றினேன். அத்தனை ஸ்லைடும் கண் சிமிட்டுகிற நேரத்தில் நீலமாகிவிட்டன. பக்கத்தில் நின்ற உதவியாளர் “சார், வேற ஒண்ணும் செய்ய வேணாமா?” என்று இரண்டு முறை கேட்டார். வேண்டாம். அதுதான் மாஸ்டர்.

இப்போது டிவிக்கு வருகிறேன். வாசலில், இரவல் மேசைக்கு எதிரே, ஒரு புரவலர் வாங்கிக் கொடுத்த டிவி மாட்டியிருக்கிறது. பின்னால் ஒரு பழைய கணினி. காலையில் நூலகம் திறந்ததிலிருந்து புது வரவுகள் ஓடிக்கொண்டே இருக்கும். இதற்கு இம்பிரஸில் இரண்டே இடத்தில் கைவைத்தால் போதும். மாற்றம் என்ற பகுதியில், ஸ்லைடு தானாக நகர 12 வினாடி என்று கொடுத்து, ‘எல்லா ஸ்லைடுக்கும்’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். பிறகு ஸ்லைடு ஷோ அமைப்பில், முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து ஓடு என்று சொல்ல வேண்டும். உருண்டு புரண்டு வரும் மாற்றங்கள் எதுவும் வேண்டாம். மெதுவாக ஒன்று மறைந்து இன்னொன்று தெரிந்தால் போதும். தினத்தாள் படிக்கிற பெரியவரின் கண்ணோரத்தில் பம்பரம் சுழன்றால் அவர் தலையங்கத்தைப் படித்து முடிக்க முடியாது.

மின்வெட்டு? அதற்கும் வழி இருக்கிறது. இதைச் சொல்லும்போது என் குரல் எப்போதும் உயர்ந்துவிடும், மன்னிக்கவும். கோப்பைத் திறந்து, பிறகு எஃப்5 அழுத்தி என்றெல்லாம் வேண்டாம். லிப்ரே ஆபீஸைக் கூப்பிடும் கட்டளையோடு, இரண்டு சிறுகோடு போட்டு ‘ஷோ’ என்று ஆங்கிலத்தில் சேர்த்துக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், அது நேராகத் திரைநிறைந்த காட்சியாகவே தொடங்கும். அந்தக் கட்டளையைக் கணினி உயிர்பெற்றதும் தானாக ஓடும் பட்டியலில் போட்டு வைத்திருக்கிறேன். கரண்ட் போகும், வரும், கணினி எழும், கொஞ்ச நேரத்தில் புது வரவு ஓட ஆரம்பிக்கும். நான் மேசையை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம்.

அட்டைப் படங்கள் எங்கிருந்து வருகின்றன? கைபேசியிலிருந்து. புது நூல்கள் கட்டுப் பிரித்து, சேர்க்கை எண் போட்டு, முத்திரை குத்தும்போதே ஒவ்வோர் அட்டையையும் படம் எடுத்துவிடுகிறோம். ‘நுழை’ பட்டியலில், மீடியா என்பதற்குள் ‘போட்டோ ஆல்பம்’ என்று ஒன்று ஒளிந்திருக்கிறது. எல்லாப் படங்களையும் ஒரே பிடியில் கொடுத்தால், ஸ்லைடுக்கு ஒன்று என்றோ, இரண்டு, நாலு என்றோ தானே அடுக்கித் தந்துவிடும். அவசரமாக வந்திறங்கிய புத்தகக் கட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? இப்போதைய கைபேசிப் படங்கள் ஒவ்வொன்றும் தடிதடியாக இருக்கும். கோப்பு வீங்கி, பழைய கணினி மூச்சு வாங்கும். அதற்கும் மருந்து உள்ளேயே இருக்கிறது. கருவிகள் பட்டியலில் ‘பிரசன்டேஷனைச் சுருக்கு’ என்று ஒரு வழிகாட்டி. கேட்கும் கேள்விகளுக்கு ஆம், ஆம் என்று சொல்லிக்கொண்டே போனால் கோப்பு இளைத்து வெளியே வரும்.

இதனால் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், நாளிதழ் தவிர வேறொன்றும் தொடாதவர், ஒருநாள் மேசைக்கு வந்தார். “சார், இப்ப டிவில அசோகமித்திரன் ஓடிட்டு இருந்தாரே, ‘ஒற்றன்’னு… அது உள்ள இருக்கா, வெளிய போயிருக்கா?”

“உள்ளதான் இருக்கு ஐயா. நீலப் பட்டையில அடுக்கு நம்பர் வரும், பாருங்க.”

“அது பாத்துட்டேன். அடுக்குல போய்த் தேடினேன், இல்லியே?”

தேடிவிட்டு வந்திருக்கிறார்! திரையைப் பார்த்து, எண்ணைக் குறித்து, அடுக்கு வரை நடந்து போயிருக்கிறார். நூலை வேறொருவர் எடுத்து மேசையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். அதுவும் டிவியைப் பார்த்துத்தான். அப்புறம் ‘ஒற்றன்’ அவர் கைக்குப் போனது, அதன் பிறகு ‘18வது அட்சக்கோடு’, ‘கரைந்த நிழல்கள்’. அடுக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற நூல்கள் இவை. 12 வினாடி முகத்தைக் காட்டியதும் ஆளைப் பிடித்துவிட்டன.

டிவிதான் இப்படி என்றால், சிறுவர் பகுதியில் இம்பிரஸ் நிகழ்த்துவது வேறு மாதிரி. கதை நேரத்துக்குப் படம் வேண்டும். கண்ட இடத்தில் படத்தை உருவிப் போடுவது எனக்குப் பிடிக்காது, நூலகத்தில் அதைச் செய்யவும் கூடாது. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இருக்கிறது. தமிழிலேயே எக்கச்சக்கமான படக்கதைகள், யாரும் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில். எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயர்களையும் உரிமத்தையும் சொன்னால் போதும்; அதற்கென்று கடைசி ஸ்லைடு ஒன்று. பிள்ளைகள் அந்த ஸ்லைடையும் விடாமல் வாசிக்கிறார்கள். “சார், படம் வரஞ்சவங்க பேரும் போட்டிருக்கு!” என்று ஒரு சிறுமி கண்டுபிடித்ததிலிருந்து, அவர்கள் வரைகிற படத்திலும் மூலையில் பெயர் விழ ஆரம்பித்துவிட்டது.

நான் செய்வது இதுதான்: ஸ்லைடில் படம் மட்டும். கதையின் வரிகள் குறிப்புப் பகுதியில். புரொஜெக்டரையோ டிவியையோ இரண்டாவது திரையாக மாட்டினால், பிள்ளைகளுக்குப் படம் மட்டும் தெரியும். என் மடிக்கணினியில் இப்போதைய படம், அடுத்து வரப்போகும் படம், என் குறிப்புகள், கடிகாரம் எல்லாம் தெரியும். குறிப்பின் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளவும் பொத்தான் இருக்கிறது. நாற்பதைத் தாண்டிய கண்களைப் பற்றி யோசித்த புண்ணியவான் யாரோ. எழுத்து திரையில் இருந்தால் பிள்ளைகள் முந்திக்கொண்டு வாசித்து முடிவைச் சொல்லிவிடுவார்கள். படம் மட்டும் இருந்தால் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் அந்த ‘பி’ விசை! காட்சி ஓடும்போது விசைப்பலகையில் ஆங்கில ‘பி’யைத் தட்டினால் திரை முழுக்கக் கறுப்பாகிவிடும். இன்னொரு விசையைத் தட்டினால் திரும்ப வரும். யானைக்குட்டி கிணற்றடிக்குப் போய் உள்ளே எட்டிப் பார்க்கிற இடத்தில் தட்டுவேன். “சாஆஆர்!” என்று கூரை பறக்கும். “உள்ள என்ன இருந்திருக்கும்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். முதலை, தண்ணி, இன்னொரு யானை, பேய், எங்க மாமாவோட செல்போன். ஒவ்வொருவருக்கும் ஒரு பதில். இதற்காகவே இந்த மென்பொருளுக்குச் சிலை வைக்கலாம்.

படத்தின் மேலோ, ஒரு பெட்டியின் மேலோ வலச்சொடுக்கு செய்தால் ‘இடைவினை’ என்று ஒரு வாய்ப்பு வரும். அதைத் தட்டினால் இந்த ஸ்லைடுக்குப் போ என்று சொல்லி வைக்கலாம். காட்டுப் பாதையில் போகலாமா, ஆற்றோரம் போகலாமா என்று பிள்ளைகளைக் கேட்டு, அவர்கள் சொன்ன பக்கம் கதையைத் திருப்ப அது ஒன்றே போதும். ஒரு சனிக்கிழமை ஆற்றுப் பக்கம் போனவர்கள் அடுத்த சனிக்கிழமை வந்து காட்டுப் பக்கம் போக வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறிக்கொண்டே போகிறது. எனக்கு வேறென்ன வேண்டும்.

இதே உத்தியைப் பள்ளிகளிலிருந்து நூலகம் பார்க்க வரும் வகுப்புகளுக்கும் திருப்பிவிட்டேன். டூயி பகுப்புமுறையை அட்டவணையாக வைத்து விளக்கினால் ஏழாம் வகுப்பு தூங்கிவிடும். நான் பத்துப் பெட்டிகள் வரைந்திருக்கிறேன், 000-லிருந்து 900 வரை. “என்ன புத்தகம் வேணும்?” என்று கேட்டால் முதல் குரல் எப்போதும் “கிரிக்கெட்!” 700-இன் பெட்டியைத் தட்டுகிறோம், உள்ளே 790, அதற்குள் 796, அதற்குள் 796.358. ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு ஸ்லைடு, கடைசியில் எங்கள் அடுக்கின் புகைப்படம். “பாம்பு!” என்றால் 597.96. சமையல் 641.5, இதை எப்போதும் பின்வரிசைப் பையன் ஒருவன்தான் கேட்பான். கடைசியாக 894.811, தமிழ் இலக்கியம். எண்ணைத் திரையில் பிடித்ததும் ஒருவனை அனுப்பி அந்த அடுக்கிலிருந்து நூலைக் கொண்டுவரச் சொல்வேன். ஓடுவான். நூலகத்தில் ஓடக்கூடாதுதான், அந்த அரை மணிக்கு விதிவிலக்கு. கேள்வி தாறுமாறாக வந்தாலும் திணறத் தேவையில்லை. ஸ்லைடு எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் நேராக அங்கே போய்விடலாம். என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே எண் பட்டியல் இருக்கிறது.

சுவரொட்டி, அறிவிப்புப் பலகைத் தாள், அடுக்குகளின் தலைப்பு அட்டை எல்லாமும் இங்கேயே. ஸ்லைடின் அளவை ஏ4 நெடுவாக்கில் மாற்றி, பிடிஎஃப் ஆக்கி அச்சடித்தால் முடிந்தது. வாசகர் வட்டத்தில் பேச்சாளரின் ஸ்லைடுகளை ஒரு தாளுக்கு ஆறாக அச்சிட்டுக் கையில் கொடுத்துவிடுகிறோம். பின்வரிசைக்குத் திரை தெரியவில்லை என்ற குறை போயிற்று. பார்வைக் குறைபாடுள்ள வாசகர்களுக்கு அனுப்பும் கோப்புகளில், படத்துக்கு மாற்று உரை எழுதிவிடுவேன். அவர்களுடைய திரைவாசிப்பு மென்பொருள் அதைப் படித்துச் சொல்லும்.

இம்பிரஸின் பூர்வீகத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நூலகக்காரன் புத்தி அங்கேதான் போகும். 1985-இல் ஜெர்மனியில் மார்கோ பெரீஸ் என்ற பதின்வயதுப் பையன் தொடங்கிய ஸ்டார் டிவிஷன் கம்பெனியின் ஸ்டார் ஆபீஸ்தான் இதன் மூதாதை. 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வாங்கியது. 2000-இல் மூல நிரலை எல்லாருக்கும் திறந்துவிட்டது. ஓப்பன் ஆபீஸ் பிறந்தது. 2010-இல் அதன் தொண்டர்கள் பலர் பிரிந்து வந்து ஆரம்பித்ததுதான் லிப்ரே ஆபீஸ். கம்பெனி கை மாறிய போதெல்லாம் பொருள் சாகவில்லை, பாருங்கள். நிரல் திறந்து கிடந்ததால் யாரோ ஒருவர் தூக்கிக்கொண்டு நடந்தார். இதன் கோப்பு வடிவமான ஓடிஎஃப் 2006-இலேயே ஐஎஸ்ஓ தரமாகிவிட்டது. அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்ற விவரம் பகிரங்கம். நாளைக்கு லிப்ரே ஆபீஸே இல்லாமல் போனாலும், அதைப் படிக்க வேறொருவர் ஒரு மென்பொருள் எழுதிவிட முடியும். பாதுகாத்து வைப்பதையே பிழைப்பாகக் கொண்ட எங்களுக்கு இது சின்ன விஷயமா?

இதன் உச்சம் ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாது. பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்யும் பெட்டியில் ‘கலப்பின பிடிஎஃப்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைத் தட்டிச் சேமித்தால், பார்க்கிறவர் யாருக்கும் அது வெறும் பிடிஎஃப். கைபேசியிலும் திறக்கும், எழுத்து கலையாது. ஆனால் அதே கோப்பை இம்பிரஸில் திறந்தால், திருத்தக்கூடிய ஸ்லைடுகளாக விரியும்! மூலக்கோப்பு பிடிஎஃப்புக்குள்ளேயே பொதிந்து கிடக்கிறது. மற்ற கிளை நூலகர்களுக்கு நான் எதை அனுப்பினாலும் இப்படித்தான். பார்க்க மட்டும் நினைக்கிறவர் பார்க்கலாம், தன் ஊர்ப் பெயரைப் போட்டுக்கொள்ள நினைக்கிறவர் போட்டுக்கொள்ளலாம். ‘சார், ஒரிஜினல் ஃபைலைக் கொஞ்சம் அனுப்புங்க’ என்ற தொலைபேசி அழைப்புகள் நின்றுபோயின.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. கூடவே வரும் வார்ப்புருக்கள் சுமார் ரகம். நாமே ஒன்று செய்துகொள்வது மேல். வெளியிலிருந்து பேச வருகிறவர் துள்ளும் அம்பும் சுழலும் வட்டமுமாக பிபிடிஎக்ஸ் கோப்பு கொண்டுவந்தால், இங்கே திறக்கும்போது அம்பு கொஞ்சம் இடம் பெயரலாம். அதனால் பேச்சாளர்களிடம் பிடிஎஃப் ஒன்றும் கூடவே வாங்கிவைப்பேன். இந்த இரண்டைத் தவிர என் வாயிலிருந்து வேறு குறை வராது, மெனக்கெட்டுக் கேட்டாலும்.

இப்போது நவம்பர் 14 முதல் 20 வரையிலான தேசிய நூலக வார விழாவுக்கு வேலை நடக்கிறது. ஒரே கோப்பு. அதற்குள் ‘தனிப்பயன் ஸ்லைடு ஷோ’ என்ற வசதியில் மூன்று காட்சிகள் பிரித்து வைத்திருக்கிறேன். பகலில் வாசல் டிவிக்கு ஒன்று, பள்ளிகள் வரும்போது ஒன்று, மாலையில் புரவலர்களைப் பாராட்டும் கூட்டத்துக்கு ஒன்று. ஒரே ஸ்லைடு மூன்றிலும் வரலாம். ஓரிடத்தில் திருத்தினால் மூன்றிலும் திருந்தும். இதற்கிடையே போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பசங்கள் கூட்டமாக வந்து, “சார், காலைல எங்களுக்கும் கொஞ்ச நேரம் டிவி குடுங்க, பொது அறிவு கேள்வி ஓடட்டும்” என்றார்கள். நாலாவது காட்சி ஒன்று சேர்த்தேன். ஒரு ஸ்லைடில் கேள்வி, அடுத்ததில் பதில். கேள்விக்கு 12 வினாடி போதவில்லை என்று மறுநாளே மனு வந்தது. 20 ஆக்கியிருக்கிறேன். இப்போது, பதில் வருவதற்குள் யாரும் சத்தமாகச் சொல்லக் கூடாது என்று நாளிதழ்ப் பகுதியிலிருந்து எதிர்மனு வந்திருக்கிறது.